ஒடிந்தது பிளாஸ்டிக்தான், கம்ப்யூட்டர் அல்ல!

கம்ப்யூட்டர் என்றாலே ராம் எவ்வளவு, ஹார்ட் டிஸ்க் எவ்வளவு என்றுதான் பேசுகிறோம். இவற்றையெல்லாம் தாங்கி நிற்கும் பிளாஸ்டிக்கைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஆனால் நன்றாக இயங்கும் லேப்டாப்கள் பல, ஒரு சிறு பிளாஸ்டிக் துண்டு ஒடிந்த காரணத்தால் மூலையில் முடங்கி விடுகின்றன. இது தேவையற்ற இழப்பு என்பது என் கருத்து.

கல்லூரியில் படிக்கும் என் அக்கா மகள் சென்ற ஆண்டு என்னிடம், "மாமா, மூடியைத் திறந்தா டக்குனு சத்தம் வருது, ஓரத்துல பிளந்துக்குது" என்றாள். முதலில் அவள் போன சர்வீஸ் சென்டரில், கீ போர்டுடன் சேர்த்து மேல் பகுதி முழுவதையும் மாற்ற வேண்டும், ஏழாயிரம் ரூபாய் ஆகும் என்றார்களாம். புது லேப்டாப் வாங்கிவிடுவதே நல்லது என்று யோசனையும் சொன்னார்களாம். உள்ளே ஒடிந்திருந்ததோ சுண்டு விரல் நகம் அளவுள்ள இரண்டு பிளாஸ்டிக் குமிழ்கள். ஒரு பாக்கெட் எபாக்ஸி பசையும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் செலவாயின. அந்த லேப்டாப்பில்தான் அவள் இன்றும் புராஜெக்ட் செய்கிறாள்.

இது ஏன் ஒடிகிறது? லேப்டாப் மூடியைத் தாங்குவது ஹிஞ்ஜ் எனப்படும் இரும்புக் கீல். அதன் ஸ்குரூக்கள், பிளாஸ்டிக் குமிழ்களில் பதிக்கப்பட்ட சிறு பித்தளை மரைகளில் இறங்குகின்றன. நாளடைவில் கீல் இறுகினால், நாம் மூடிக்குக் கொடுக்கும் விசை முழுவதும் அந்தக் குமிழ்களின் மேல் விழும். மூடியை ஒரு ஓரத்தில் பிடித்துத் தூக்கும் பழக்கமும் சேர்ந்தால் பித்தளை மரை பிளாஸ்டிக்கைப் பிய்த்துக் கொண்டு வெளியே வந்துவிடும். அதாவது, நோய் கீலில். பிளாஸ்டிக் ஒடிவது அதன் அறிகுறி. கீலைச் சரி செய்யாமல் பசை மட்டும் போட்டால் ஒரே மாதத்தில் மீண்டும் ஒடியும். "ஒட்டினேன், நிற்கவில்லை" என்று சொல்பவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள்.

இரண்டாவது தவறு, எல்லா பிளாஸ்டிக்கையும் ஒன்றாக நினைப்பது. கார் ஹெட்லைட்டை எடுத்துக் கொள்ளுங்கள். அதன் முன்பக்கக் கண்ணாடி பாலிகார்பனேட். பின்பக்கக் கூடும், வண்டியுடன் பிடித்திருக்கும் காதுகளும் பல வண்டிகளில் பாலிபுரொப்பிலீன். பாலிபுரொப்பிலீனில் சாதாரணப் பசை எதுவும் பிடிக்காது. அதனால்தான் மெக்கானிக்குகள் அதைச் சூடு வைத்து உருக்கி இணைக்கிறார்கள். லேப்டாப்பின் கூடு பெரும்பாலும் ஏ.பி.எஸ். அல்லது பாலிகார்பனேட் கலந்த ஏ.பி.எஸ். பிளாஸ்டிக். இதில் எபாக்ஸி நன்றாகப் பிடிக்கும். எந்த வகை என்பதை உள்பக்கத்திலேயே சிறிய எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். பசை வாங்கும் முன் அதைப் படியுங்கள்.

ஒரே சொட்டில் ஒட்டும் பசையை இந்த வேலைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். அது காய்ந்ததும் விறைப்பாகிவிடும். திறந்து மூடும் இடத்தில் விரிசல் விடும். அதன் ஆவி பட்டால் சுற்றியுள்ள பிளாஸ்டிக் வெள்ளை பூத்துவிடும். அசிட்டோனும் வேண்டாம். அது ஏ.பி.எஸ்.ஸைக் கரைத்து ஒட்டும் என்பது உண்மைதான். ஆனால் பாலிகார்பனேட்டில் விரிசலை உண்டாக்கும். எளிதில் தீப்பற்றக் கூடியதும் கூட.

சரி, எப்படிச் செய்வது? லேப்டாப்பை ஷட் டவுன் செய்து சார்ஜரைக் கழற்றுங்கள். ஸ்குரூக்களின் நீளம் வேறுபடும் என்பதால், எது எங்கிருந்து வந்தது என்று ஒரு தாளில் படம் வரைந்து அதன் மேலேயே வையுங்கள். பின் மூடியைத் திறந்தவுடன் முதல் வேலை, பேட்டரி கனெக்டரைக் கழற்றுவது. அடுத்துக் கீலைப் பாருங்கள். சில கீல்களின் முனையில் சிறு நட் இருக்கும். அதைச் சற்றுத் தளர்த்தினால் இறுக்கம் குறையும். ஒடிந்த இடத்தை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். இரண்டு டியூப்களில் வரும் எபாக்ஸியைச் சம அளவில் கலந்து, பித்தளை மரையைப் பழைய இடத்தில் நிறுத்திச் சுற்றிலும் பூசுங்கள். ஸ்குரூவில் கொஞ்சம் வாசலின் தடவினால் பசையில் ஒட்டிக் கொள்ளாது. 24 மணி நேரம் அதைத் தொடாதீர்கள். ஐந்து நிமிடத்தில் இறுகும் பசை என்றாலும் முழு பலம் வர நேரம் வேண்டும்.

ஒரு முக்கிய எச்சரிக்கை. லேப்டாப் பிளந்து நிற்பதற்குக் கீல்தான் காரணம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். டச்பேட் மேலெழும்பியோ, அடிப்பாகம் உப்பியோ இருந்தால் பேட்டரி வீங்கியிருக்கலாம். அதை அழுத்தி மூடவோ, ஒட்டவோ கூடாது. தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு. உடனே ஆஃப் செய்து, சார்ஜரில் போடாமல், விஷயம் தெரிந்தவரிடம் கொண்டு போங்கள். வாரண்டி இருக்கும் லேப்டாப்பையும் நீங்கள் திறக்க வேண்டாம். முதலில் கம்பெனியிடம் எழுத்து மூலம் கேளுங்கள்.

நாம் வீட்டில் ஒட்டிக் கொள்ளலாம் என்பதால் தயாரிப்பாளர்களின் பொறுப்பு போய்விடாது. சிறு துண்டு ஒடிந்தால் அந்தத் துண்டு தனியாகக் கிடைக்க வேண்டும். பிரான்ஸ் நாட்டில் 2021 ஜனவரி முதல் லேப்டாப்களுக்குப் பழுதுபார்ப்பு மதிப்பெண் நடைமுறைக்கு வந்தது. எளிதில் கழற்ற முடியுமா, உதிரி பாகம் கிடைக்கிறதா, அதன் விலை என்ன என்பவையெல்லாம் அந்த மதிப்பெண்ணில் சேரும். இந்தியாவிலும் நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில், பழுதுபார்க்கும் உரிமைக்கென ஓர் இணையதளத்தைத் தொடங்கியது. நல்ல தொடக்கம்தான். ஆனால் வாங்குபவர் கேட்காதவரை விற்பவர் மாறமாட்டார். அடுத்த முறை கடைக்குப் போகும்போது ராம் எவ்வளவு என்பதோடு, "கீல் ஒடிந்தால் அது மட்டும் தனியாகக் கிடைக்குமா, என்ன விலை?" என்றும் கேளுங்கள்.

அதுவரை நம் கையில் இருப்பது ஒன்று. இன்று முதல் மூடியை ஓரத்தில் பிடிக்காமல், மேல் விளிம்பின் நடுவில் பிடித்து மெதுவாகத் திறந்து பழகுங்கள். 'டக்' என்ற சத்தம் கேட்டால் அன்றே நிறுத்திவிடுங்கள். தொடர்ந்து திறந்து மூடினால் ஸ்கிரீனுக்குப் போகும் கேபிளும் நசுங்கும். பசையோடு முடிய வேண்டிய வேலை, ஸ்கிரீன் மாற்றுவதில் போய் நிற்கும்.