பவர் இருக்கு... பிடி இருக்கா?

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலம். ஜனவரி மாசம். வீட்டு வாசல்ல இருந்து மெயின் ரோடு வரைக்கும் முழங்கால் உயரத்துக்குப் பனி. அதைத் தள்ளத்தான் அங்கே பண்ணை வீடுகள்ல 25 குதிரைசக்தி குட்டி டிராக்டர் வெச்சிருப்பாங்க. ஸ்டார்ட் பண்ணிக் கிளப்பினா... சக்கரம் மட்டும் கிர்ருனு சுத்தும். வண்டி நகராது!

இன்ஜின் மேல தப்பே இல்லை பாஸ். எல்லாம் நம்ம உராய்வு சேப்டர்தான். காய்ந்த ரோட்டில் ரப்பரின் உராய்வுக் கெழு சுமார் 0.7. ஐஸில் அது 0.1 பக்கம் இறங்கிடும். அப்புறம் எவ்வளவு முறுக்கினாலும் வேஸ்ட்.

இதுக்கு மருந்து, இரும்புச் சங்கிலி. 1904-ல் நியூயார்க் மாநிலத்துக்காரர் ஹாரி வீட் காப்புரிமை வாங்கிய ஐடியா. பார்க்க ஏணி மாதிரி இருக்கும். டயரின் ரெண்டு பக்கமும் நீளச் சங்கிலி, நடுவில் குறுக்குச் சங்கிலிகள். வண்டியோட எடை அந்தச் சில கண்ணிகள் மேல இறங்குறதால, அது ஐஸைக் கடிச்சுப் பிடிச்சுக்கும்.

வாங்கும்போது ஒரு விஷயம். உழவு டயர்ல ரப்பர் வரிகள் தள்ளித் தள்ளி இருக்கும். குறுக்குச் சங்கிலிகளும் தள்ளி இருந்தா, அந்தப் பள்ளத்துக்குள்ள விழுந்து ஒளிஞ்சுக்கும். அதனால ரெண்டு கண்ணிக்கு ஒரு குறுக்குச் சங்கிலி இருக்கறதா பார்த்து வாங்கணும்.

மாட்டுறது எப்படி? சமதரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சிக்கெடுத்த சங்கிலியை டயர் மேல போர்த்தணும். கொக்கியின் கூர்முனை வெளிப்பக்கம் பார்க்கணும். டயர் பக்கம் திரும்பினா ரப்பர் காலி. மெதுவா கொஞ்சம் முன்னால நகர்த்தி, முதல்ல உள்பக்கக் கொக்கி, அப்புறம் வெளிப்பக்கம். கொஞ்ச தூரம் ஓட்டிட்டு, நிறுத்தி, மறுபடி இறுக்கணும். இந்தக் கடைசி ஸ்டெப்பை நிறைய பேர் டீல்ல விட்டுடுவாங்க. தொளதொளன்னு ஆடுற சங்கிலி மட்கார்டை அடிச்சே கிழிச்சுடும்.

பின்சக்கரமா, முன்சக்கரமா? ஒரு ஜோடிதான் இருக்குன்னா கண்டிப்பா பின்னாடிதான். பெரும்பாலான குட்டி டிராக்டர்கள்ல பிரேக் பின்சக்கரத்துலதான் இருக்கு. முன்னாடி மட்டும் மாட்டிட்டு ஐஸ் சரிவுல இறங்கினா, பின்பக்கம் வழுக்கி வண்டி அப்படியே திரும்பிடும். உயிர் விஷயம்!

ஒண்ணு மட்டும் மனசுல வெச்சுக்கங்க. சங்கிலி வழுக்கலைக் குறைக்கும், ஒழிக்காது. மேடு ஏற முடிஞ்சதேன்னு தைரியமா இறங்கிடக் கூடாது. கிளம்ப மட்டுமில்ல, நிக்கவும் பிடி வேணும் மச்சி!