அரசகரும மொழியும் தனிச்சிங்களக் கடிதமும்

ஆசிரியருக்கு,

பெரும்பான்மையோரின் மொழியே அரசகரும மொழியாக வேண்டும் என்ற சென்ற இதழ்க் கட்டுரையின் வாதம் ஏற்கத்தக்கதன்று. இந்தோனேசியாவில் அதிகம் பேரின் தாய்மொழி ஜாவா மொழி. ஆனால் 1945 அரசியலமைப்பு, மலாயிலிருந்து வளர்ந்த இந்தோனேசிய மொழியையே தேர்ந்தது.

இலங்கையோ 1956இல் சிங்களத்தை மட்டும் தேர்ந்தது. தமிழும் அரசகரும மொழியாக 1987இன் 13ஆவது திருத்தம் வரவேண்டியிருந்தது.

சட்டம் மாறியும் தபால் மாறவில்லை! அண்மையில் எங்கள் அயல்வீட்டு அம்மாவுக்கு ஓர் அரச அலுவலகத்திலிருந்து வந்த ஓய்வூதியக் கடிதம் தனிச்சிங்களத்தில் இருந்தது. வாசித்துக்காட்ட, பேரன் வேலையை விட்டுவிட்டு வந்தார்.

தமிழில் கடிதம் அனுப்பாத அலுவலகங்களின் பட்டியலை அரசகரும மொழிகள் ஆணைக்குழு ஆண்டுதோறும் பத்திரிகைகளில் வெளியிட வேண்டும்.

– வாசகர் ஒருவர், மட்டக்களப்பு