ஊரை ஊராரோடு பார்ப்போம்

சுற்றுலா என்றாலே நம் பள்ளிகளில் ஒரு வழக்கம் உண்டு. விடியற்காலை நான்கு மணிக்குப் பேருந்து புறப்படும். இருட்டுவதற்குள் ஐந்து ஊர்களைப் பார்த்தாக வேண்டும். எதைப் பார்த்தீர்கள் என்று மறுநாள் கேட்டால், புளிச்சாதப் பொட்டலம் பிரித்த இடம் மட்டும் நினைவிருக்கும். இவ்வாண்டு எங்கள் வகுப்பு சுவாமிமலையிலிருந்து தரங்கம்பாடிக்கு மட்டுமே சென்றது. அவ்வூர்ப் பெரியவர் ஒருவர் வழிகாட்டியாக வந்தார். "இத்தனை பணத்துக்கு ஒரே ஊரா?" என்று பெற்றோர் சிலர் வருத்தப்பட்டார்கள். இதுவே சரியான முறை என்று நாங்கள் கருதுவதால் அவர்களுக்காகவே இதை எழுதுகிறோம்.

1620இல் தஞ்சை இரகுநாத நாயக்கர் டென்மார்க்காரருக்கு இடம் அளித்ததும், அவர்கள் டேன்ஸ்பர்க் கோட்டையைக் கட்டியதும், 1706இல் சீகன்பால்கு கரையிறங்கியதும், 1845இல் ஊரை ஆங்கிலக் கம்பெனிக்கு விற்றதும் புத்தகத்திலேயே இருக்கின்றன. அவற்றை மனப்பாடம் செய்ய மாயவரம் தாண்டிப் போக வேண்டியதில்லை.

பெரியவர் எங்களை முதலில் கோட்டைக்கு அழைத்துச் செல்லவில்லை. கடலோரத்து மாசிலாமணிநாதர் கோயில் பக்கம் நிறுத்தினார். 1306இல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த கோயில் அது. அதன் முன்பகுதியைக் கடல் கொண்டுவிட்டது. "பாப்பா, கடல் வந்து சேர்ந்த இடம் இது. கோயில் கடலுக்குப் போகலே" என்றார். பிறகு சிறிது தூரம் நடந்து வெறும் மணலில் நின்று, "இதுதான் எங்க வீட்டு வாசல்" என்றார். 2004 டிசம்பர் 26க்குப் பிறகு அவர் குடும்பம் கரையிலிருந்து தள்ளிக் கட்டிய குடியிருப்புக்குப் போய்விட்டதாம். அதுவரை பேசிச் சிரித்துக்கொண்டு வந்த நாங்கள் எங்கே நிற்பது, எங்கே பார்ப்பது என்று தெரியாமல் விழித்தோம். அந்த வாசலுக்கு எந்தப் பலகையும் கிடையாது. அவர் வராதிருந்தால், அதன்மேலேயே நின்று புகைப்படம் எடுத்துக்கொண்டிருப்போம்.

உள்ளூர்க்காரர் சொல்வதெல்லாம் வேதவாக்கு என்று நாங்கள் சொல்ல வரவில்லை. தமிழின் முதல் அச்சுப் புத்தகம் இங்கேதான் வந்தது என்று அவர் பெருமையாகச் சொன்னபோது, எங்கள் தமிழம்மா மெல்ல மறுத்தார்கள். 1578இலேயே கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சாகிவிட்டது. தரங்கம்பாடியில் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது 1715இல். பெரியவர் கோபித்துக்கொள்ளவில்லை. "அப்படியா! புத்தகம் உங்களுக்குத் தெரியும், அலை எனக்குத் தெரியும்" என்றார். அலைச் சத்தத்தை வைத்தே காற்று எந்தப் பக்கம் திரும்புகிறது என்று அவர் சொன்னதை நாங்கள் எந்தப் பாடத்திலும் படித்ததில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். காலை முதல் மாலை வரை நம்மோடு நடந்த ஒருவருக்குத் தேநீர்ச் செலவுக்கென்று சில்லறையைக் கையில் திணிப்பது அழகல்ல. கூலியை முன்னதாகவே பேசி, சுற்றுலாக் கணக்கில் சேர்த்துவிட வேண்டும். இம்முறை சகோதரி அப்படித்தான் செய்தார்கள். அதனால் ஒவ்வொருவருக்கும் கூடிய தொகை, திரும்பும் வழியில் நாங்கள் தின்ற ஐஸ்கிரீமின் விலைகூட இல்லை.

புறப்படும்போது பெரியவர் கேட்டார்: "சுவாமிமலையிலே சாமி விக்கிரகம் வார்க்கிறாங்களாமே, நான் வந்தா எனக்கு யாரு காட்டுவா?" பேருந்தில் நாற்பத்திரண்டு பேர் இருந்தோம். ஸ்தபதி பட்டறைக்குள் கால் வைத்தவர்கள் நான்கே பேர். வெளிநாட்டார் வண்டியில் வந்து இறங்கிப் பார்ப்பதைத் தெருவில் நின்று வேடிக்கை பார்த்திருக்கிறோம். நாம் உள்ளே போனதில்லை.

ஆகவே அடுத்த சனிக்கிழமை பன்னிரண்டு பேர் அனுமதி பெற்று ஒரு பட்டறைக்குப் போனோம். மெழுகுப் பாவையின்மேல் காவிரி வண்டலைப் பூசி உலர்த்தி, சூட்டில் மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். அந்த வண்டல் மண்ணைத்தான் நாம் படித்துறையில் கால் கழுவித் தள்ளிவிட்டு வருகிறோம். கேள்விகள் இன்னும் பல மிச்சமிருக்கின்றன. அந்தப் பெரியவர் தைக்குப் பிறகு வருவதாகச் சொல்லியிருக்கிறார். அதற்குள் இன்னும் இரண்டு முறையாவது பட்டறைக்குப் போய் வர வேண்டும்.