சுவத்துல இருக்கிற கோட்டை அழிக்காதீங்க

நெல் அறுப்பு முடிஞ்ச கையோட மேடவாக்கத்துல இருக்கிற அக்கா வீட்டுக்குப் போயிட்டேன். அதான் ரெண்டு வாரமா இங்க எதுவும் எழுதல. அக்கா வீட்டை விக்கிறாங்க. மாமாவுக்கு வாரம் ரெண்டு தடவை டயாலிசிஸ். சேர்த்து வச்ச காசு கரைஞ்சு போச்சு. வீட்டைச் சரி பண்ண அவங்க கையில இருந்தது 60,000 ரூபாய். "நீ வந்து கூட நில்லுடா தம்பி"ன்னு கூப்பிட்டாங்க, போனேன்.

முதல் நாளே புரோக்கர் வந்தார். ஹாலுக்கு ஃபால்ஸ் சீலிங், கிச்சனுக்கு மாடுலர், முன் ரூமுக்கு இடுப்பு உயரத்துக்கு மரப் பலகை மாதிரி ஒரு ஷீட். மூணு லட்சம் ஆகும், ஆனா பத்து லட்சம் ஏத்தி வித்துடலாம்னார். சீலிங் எதுக்குன்னு புரியுது, ஷீட் எதுக்குங்கன்னு கேட்டேன். அவர் சுவத்தைக் காட்டி, "அந்தக் கோடு தெரியக் கூடாதுல்ல சார்"னு சொன்னார்.

2015 டிசம்பர் வெள்ளத்துல தண்ணி நின்ன கோடு அது. இடுப்பளவு. அதுக்குக் கீழ, முழங்காலுக்கு இன்னொரு கோடு. அது 2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். ஊர் பேருல மேடு இருக்கு, தெருவுல தண்ணி நிக்குது. ஏரியும் வயலுமா இருந்த பக்கம் இது. சுத்துவட்டத்துல பெய்யுற மழை பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குப் போய்த்தான் அடங்கணும். அந்தச் சதுப்பு நிலத்தை 2022-ல ராம்சார் பட்டியல்ல சேர்த்தாங்க, நல்லது. ஆனா அதுக்குள்ள தண்ணி போற வழியெல்லாம் மனை ஆயிடுச்சு. இது போதாதுன்னு, பழைய ரோட்டைச் சுரண்டாம அது மேலயே புது ரோடு போட்டுப் போட்டு, மூணு படி ஏறிப் போன அக்கா வீட்டுக்கு இப்ப ஒரு படி இறங்கிப் போகணும்.

எனக்கு எங்க ஊர் மாட்டுச் சந்தைதான் ஞாபகம் வந்துச்சு. கிழட்டு மாட்டுக்குக் கொம்பு சீவி எண்ணெய் தடவுவாங்க. சந்தைக்கு முந்தின சாயங்காலம் பால் கறக்காம விட்டு மடியைப் பெருசாக் காட்டுவாங்க. யாரோ பண்றதைச் சொல்லல, நானே பண்ணியிருக்கேன். ஒரு காம்பு அடைச்ச பசுவை அப்படித்தான் ஒருத்தர் தலையில கட்டினேன். ரெண்டு மாசம் கழிச்சு அவரைப் பஸ் ஸ்டாண்டுல பார்த்தேன். திட்டல. "மாடு எப்படிங்க இருக்கு"ன்னு நான் கேட்கல, அவரும் சொல்லல. பஸ் வர்ற வரைக்கும் பக்கத்துலயே நின்னோம். அந்த அரை மணி நேரம் இன்னும் மறக்கல.

பட்டணத்துல இருந்து படிக்கிற உங்ககிட்ட ஒண்ணு கேட்கிறேன். வீடு வாங்கப் போறப்ப முதல் கேள்வி என்ன? "தண்ணி வருமா?" குழாய்ல வருமா, வீட்டுக்குள்ள வருமா, ரெண்டுக்கும் சேர்த்துத்தான். அதே நீங்க விக்கும்போது மட்டும் எப்படிங்க பட்டி வச்சு, பெயிண்ட் அடிச்சு, "இந்தத் தெருவுல சொட்டுத் தண்ணி நிக்காது"ன்னு சொல்ல வாய் வருது?

வீட்டை அழகு பண்ணக் கூடாதுன்னு சொல்லல. நாங்களும் பண்ணினோம். மொட்டை மாடியில விரிசல் அடைச்சு நீர்க்காப்புப் பூச்சு அடிச்சது 18,000. உண்மையான ஒழுகல் அது, ஷீட் போட்டு மூடுற விஷயம் இல்ல. ரெண்டு ரூமுக்கும் முன்பக்கத்துக்கும் பெயிண்ட் 22,000. சொட்டுற குழாய், தளர்ந்த சுவிட்ச் போர்டு, வராண்டாவுல உடைஞ்ச ரெண்டு டைல்ஸ் எல்லாம் சேர்த்து ஏழாயிரத்துல முடிஞ்சுது. சம்ப்பை நானே இறங்கிக் கழுவினேன். பரண்ல இருந்த இருபது வருஷச் சாமானை இரும்புக் கடைக்காரர் எடுத்துக்கிட்டு 1,400 கொடுத்தார், அது லாபம்.

மிச்சக் காசும் என் அலைச்சலும் காகிதத்துக்குப் போச்சு. புரோக்கர் இதைப் பத்தி ஒரு வார்த்தை பேசல பாருங்க. பட்டா இன்னும் கூட்டுப் பட்டாவா இருந்துச்சு, தனிப் பட்டாவுக்கு எழுதிப் போட்டோம். 30 வருஷத்துக்கு வில்லங்கச் சான்று எடுத்தோம். மூலப் பத்திரத்தைத் தேடினா அது மாமாவோட கல்யாண ஆல்பத்துக்குள்ள இருந்துச்சு! லோன் போட்டு வாங்குறவங்களுக்கு பேங்க் வக்கீல் முதல்ல கேட்கிறது இதெல்லாம்தான், சீலிங்கை இல்ல.

சட்டமும் நான் சொல்றதைத்தான் சொல்லுது. 1882-ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டம், 55-ஆம் பிரிவு. விக்கிறவருக்குத் தெரிஞ்ச, வாங்குறவர் சாதாரணமா கவனிச்சுப் பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாத முக்கியமான குறையை விக்கிறவர் சொல்லியாகணும், சொல்லாம விட்டா மோசடி. கோடு சுவத்துல இருந்தா அவர் கண்ணுக்கே தெரியும். ஷீட் போட்டு மூடிட்டு வாயையும் மூடிக்கிட்டா அதுக்கு என்ன பேர் வைக்கிறது? வாங்குறவர் முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம் கட்டுறார். 50 லட்சத்துக்கு நாலரை லட்சம். அதையும் கடன் வாங்கிக் கட்டிட்டு, முதல் டிசம்பர்லயே பிள்ளையைத் தூக்கிக்கிட்டு மொட்டை மாடிக்கு ஓடணுமா?

அக்கா விடல. "மனை போட்டு வித்தவன் நம்மகிட்ட சொன்னானாடா? நாங்க மட்டும் எதுக்கு உண்மை பேசி நஷ்டப்படணும்? மாமா மருந்துக்கு நீ தருவியா?"ன்னு கேட்டாங்க. சரியான கேள்வி. முழுப் பதில் என்கிட்ட இல்ல. ஏமாத்தினவன் எப்பவோ போயிட்டான், கடைசியில மாட்டினது அக்கா. அது அநியாயம்தான். ஆனா ஷீட் ஒட்டினா அநியாயம் தீராது, அடுத்த வீட்டுக்காரர் தலைக்கு மாறும், அவ்வளவுதான். ராத்திரி முழுக்க அதையே பேசினோம். விடிஞ்சதும் மாமாதான் சொன்னார், "முன் ரூம் சுவத்தை அப்படியே விட்டுடுங்க."

முதல்ல வந்த சின்ன வயசுத் தம்பதி கோட்டைப் பார்த்தாங்க, மாமா உள்ளதைச் சொன்னார், காபி கூடக் குடிக்காமக் கிளம்பிட்டாங்க. அக்கா அன்னிக்கு என்கூடப் பேசல. நாலு நாள் கழிச்சு இன்னொருத்தர் வந்தார். மேல் கோட்டுல கையை வச்சு, "2015-ங்களா?"ன்னு கேட்டார். ஆமான்னேன். "நாங்க வரதராஜபுரம்ங்க. எங்களுக்குத் தலைக்கு மேல"ன்னு சிரிச்சார். அப்புறம் பட்டாவைக் கேட்டார், மொட்டை மாடிக்குப் போய்ப் பார்த்தார், தரையை மூணடி ஏத்த என்ன செலவாகும்னு என்கிட்டயே கணக்குப் போட்டார்.

நாலு லட்சம் குறைச்சுக் கேட்கிறார். அக்கா ரெண்டுல நிக்கிறாங்க. புதன்கிழமை சம்சாரத்தைக் கூட்டிக்கிட்டு வர்றேன்னு சொல்லியிருக்கார்.