பெட்டியில் கிடைத்த இரசீது

மரக்காணத்து உப்பளக் கரையில் நிலவழக்கிற் சிக்கிய குடும்பமொன்றை எண்ணிப் பார்ப்போம். எதிர்வழக்குரை தாக்கலாகிவிட்டது. அதன்பின், தந்தையார் பணம் செலுத்திய இரசீது பழைய டிரங்குப் பெட்டியில் கிடைக்கிறது. "வாதத்தின்போது எழுதிக் கொடுத்துவிடலாம்" என்று வீட்டார் வாளாவிருக்கலாமா?

கூடாது என்போம். எழுத்துமூல வாதுரையை நீதிமன்ற அனுமதியுடன் அளிக்க 2002-ஆம் ஆண்டுத் திருத்தம் இடந்தருகிறது. நகலை எதிர்த்தரப்புக்கும் உடனே தரவேண்டும். ஆயினும், முன்பே உரைத்து, சான்றால் காட்டியவற்றை விளக்கவே அது உதவும். புதிய செய்தியை அதில் நுழைத்தல் இயலாது.

புதிய செய்திக்குரிய வழி கூடுதல் எதிர்வழக்குரையாகும். 1908-ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 8-ஆம் கட்டளை, 9-ஆம் விதியின்படி இதற்கு நீதிமன்ற அனுமதி பெறவேண்டும். இரசீதைத் தாக்கல் செய்யவும் அனுமதி தேவை. இவ்வனுமதி கேட்டவுடன் கிடைப்பதன்று. நீதிபதி ஆராய்ந்து அளிப்பது. ஆதலால் தாமதத்தின் காரணத்தை ஒளிவின்றிக் கூறுதல் நலம். முன்பு ஒப்புக்கொண்டதை மறுக்கும் கருவியாகவும் இதனைக் கருதலாகாது. விசாரணை முடியும் தறுவாயில் கேட்டால் அனுமதி அரிதாகிவிடும்.

மழை வருமுன் உப்பை வாரிக் காப்பவர்கள் நம் கரையோர மக்கள். அதே விழிப்பு வழக்கிலும் வேண்டும். ஆவணம் கிடைத்த அன்றே வழக்கறிஞரிடம் செல்வீர்களாக.