வாடகைச் சங்கீதம்

வீட்டுக்கு வாடகை கொடுக்கிறோம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கல்யாணத்துக்குப் பாத்திரமும் பந்தலும் வாடகைக்கு எடுக்கிறோம், அதுவும் நியாயந்தான். ஆனால், காசு கொடுத்து வாங்கி அலமாரியில் அடுக்கி வைத்திருக்கும் பாட்டையே மறுபடியும் மாதா மாதம் வாடகை கட்டிக் கேட்கிற விசித்திரம் இப்போது நம் வீடுகளில் சர்வ சாதாரணமாகிவிட்டது. இதை முன்னேற்றம் என்று வேறு சொல்லிக்கொள்கிறார்கள். என் அபிப்பிராயத்தில் இது சோம்பேறித்தனம். அதிலும் செலவு பிடித்த சோம்பேறித்தனம்.

சி.டி. என்னும் வெள்ளித் தட்டு 1982-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. நம் வீடுகளுக்கு வந்து சேரச் சில வருஷங்கள் ஆயின. வந்த பிறகு எவ்வளவு ஆசையோடு வாங்கினோம்! கச்சேரி, சினிமாப் பாட்டு, நாகஸ்வரம், ஊர்க் கோவிலுக்காக யாரோ ஒருவர் பாடிச் சிறு கம்பெனி ஒன்று வெளியிட்ட துதி - எல்லாமே இருந்தன. இன்றைக்கு அவற்றைச் சுழற்றிக் காட்ட வீட்டில் கருவி இல்லை. புது லாப்டாப்புகள் பெரும்பாலும் தட்டுச் செருகும் வாயே இல்லாமல் பிறக்கின்றன. ஆகவே தட்டுகள் குப்பை; பரணில் கிடக்கும் பழைய கம்ப்யூட்டரும் குப்பை என்று தீர்ப்பாகிவிட்டது.

இந்த இரண்டு குப்பைகளையும் சேர்த்து வைத்தால் குப்பை அல்ல என்பதுதான் என் கட்சி. புதுக் கம்ப்யூட்டரில் இல்லாத அந்த வாய், பழைய கம்ப்யூட்டரில் இருக்கிறது. விண்டோஸ் எக்ஸ்.பி. காலத்து இயந்திரமானாலும் போதும். இன்டர்நெட் இணைப்புக்கூட வேண்டாம், இல்லாதிருந்தால் பத்திரம். 'எக்ஸாக்ட் ஆடியோ காப்பி' போன்ற இலவசப் புரோகிராம் ஒன்றைப் பென் டிரைவில் கொண்டுபோய் அதில் ஏற்றிக்கொள்ளலாம். கம்ப்யூட்டரிலேயே இருக்கும் 'விண்டோஸ் மீடியா பிளேய'ரை உபயோகிப்பதானால், படியெடுத்த பாட்டைப் பூட்டி வைக்கும் கட்டம் ஒன்று அதன் பழைய பதிப்புகளில் உண்டு. அதில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். இல்லையேல் உங்கள் பாட்டு அந்த ஒரு கம்ப்யூட்டரோடு கட்டுண்டு கிடக்கும்.

கணக்கையும் பாருங்கள். தட்டில் ஒரு நிமிஷப் பாட்டு ஏறக்குறைய 10 மெகாபைட் இடம் பிடிக்கிறது. ஒரு மணி நேரத் தட்டு 600 மெகாபைட். அதை 192 கிலோபிட் வேகத்தில் எம்.பி.3 ஆக மாற்றினால் சுமார் 86 மெகாபைட்டுக்குள் அடங்கிவிடும். சுண்டுவிரல் நகமளவு இருக்கிற 32 ஜிகாபைட் கார்டு ஒன்றில் முந்நூறு தட்டுகளுக்கு மேல் கொள்ளும். எம்.பி.3, காது கவனிக்காது என்று கருதும் ஒலிகளைக் கழித்துவிடுகிறது. தம்புராவின் ஒரு இழைகூடக் குறையக்கூடாது என்கிற ரசிகர்கள் 'ஃபிளாக்' முறையில் வைத்துக்கொள்ளலாம். அதில் கழிவு இல்லை, இடம் மட்டும் கூடுதல். பழைய கம்ப்யூட்டரின் யு.எஸ்.பி. முதல் தலைமுறையைச் சேர்ந்ததானால் ஒரு ஜிகாபைட் பிளேயருக்குப் போய்ச் சேரக் கால் மணிக்கு மேல் ஆகும். ஆகட்டுமே! காப்பி குடித்துவிட்டு வாருங்கள்.

"இது திருட்டு இல்லையா?" என்று கேட்கிற தர்மவான்கள் உண்டு. படியெடுத்துத் தெருவில் விற்றால் திருட்டு, சந்தேகமே இல்லை. தான் வாங்கியதைத் தன் காதுக்காகப் பெயர்த்துக்கொள்வது வேறு. சொந்த உபயோகத்துக்காக நியாயமான முறையில் கையாளுவதை 1957-ஆம் வருஷத்துக் காப்புரிமைச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு அனுமதிக்கிறது. 2012-இல் செய்த திருத்தத்தால் ஒலிப்பதிவுகளும் அந்தச் சலுகைக்குள் வந்தன. அமெரிக்காவில் 1998-இல் 'ரியோ' என்ற சிறு பிளேயர் வந்தபோது, அதன் கொள்ளளவு வெறும் 32 மெகாபைட். அதற்கே பயந்து ஒலிப்பதிவுக் கம்பெனிகளின் சங்கம் கோர்ட்டுக்கு ஓடிற்று. 1999-இல் மேல் கோர்ட்டிலும் தோற்றது. சொந்தப் பாட்டைக் கையோடு எடுத்துச் செல்ல வசதி செய்துகொள்வது வியாபாரமல்ல, சொந்த உபயோகமே என்பது கோர்ட்டின் பார்வை.

தர்மம் பேசிய கம்பெனிகளின் லட்சணமும் தெரிந்ததுதான். 2005-இல் சோனி பி.எம்.ஜி. கம்பெனியின் சில தட்டுகளைக் கம்ப்யூட்டரில் போட்டவுடன், படியெடுப்பதைத் தடுக்கும் புரோகிராம் ஒன்று உள்ளே புகுந்து, தான் இருப்பதே தெரியாதபடி மறைந்துகொண்டது. காசு கொடுத்து வாங்கியவன் வீட்டிலேயே வேவுக்காரனை வைத்தாற்போல! விஷயம் வெளியானபின் தட்டுகளைத் திரும்பப் பெற்றார்கள், வழக்குகளையும் சந்தித்தார்கள். 2008-இல் மைக்ரோசாஃப்ட், தான் விற்ற பாட்டுகளுக்கு இனிப் புதிய சாவி தருவதில்லை என்று அறிவித்தது; கம்ப்யூட்டரை மாற்றினால் வாங்கிய பாட்டு ஊமையாகிவிடும் என்று அர்த்தம். எதிர்ப்பு எழுந்த பிறகுதான் அவகாசத்தை நீட்டித்தார்கள். விற்ற சாமானுக்கே இந்தக் கதி என்றால், வாடகைச் சாமானுக்கு என்ன உத்தரவாதம்?

"எல்லாம் போனிலேயே கிடைக்கிறதே!" என்பது அடுத்த ஆட்சேபம். எல்லாம் கிடைப்பதில்லை. பெரிய கம்பெனிகளின் சரக்கு கிடைக்கும். உங்கள் ஊர்க் கோவில் துதியும், வெளியிட்டவர் கடையைக் கட்டிக்கொண்டு போன கச்சேரித் தட்டும் அங்கே இருக்குமென்று யார் சொன்னது? இன்று இருக்கிற பாட்டு நாளை ஒப்பந்தம் முடிந்ததும் காணாமல் போகும். புதுப் பாடகர் ஒருவரைக் கேட்டுப் பார்க்க அந்த வசதி நல்லதுதான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால், உயிருக்கு உயிரான பாட்டை அங்கே அடகு வைக்காதீர்கள்.

இதில் உழைப்பு உண்டு. பெரும்பாலான தட்டுகளில் பாட்டின் பெயர் எழுத்தாகப் பதிவாகியிருப்பதில்லை. 'டிராக் 1', 'டிராக் 2' என்றுதான் வரும். அட்டையைப் பார்த்து ராகம், தாளம், பாடியவர், வயலின், மிருதங்கம் எல்லாவற்றையும் நீங்களே தட்டச்சு செய்ய வேண்டும். இதைத் தண்டனை என்று நினைப்பவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. எனக்கு இதுதான் சங்கீதத்துக்குச் செய்கிற மரியாதையாகத் தோன்றுகிறது. முகம் தெரியாத கம்பெனி கலந்து கொட்டுவதைக் கேட்பவனுக்கு, பக்கவாத்தியம் வாசித்தவர் பெயரைத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமே வருவதில்லை.

ஒன்று மட்டும் அவசரம். தட்டுகள் காலப்போக்கில் கெடுகின்றன. கீறல் விழுகிறது, பூச்சு மங்குகிறது. பழைய கம்ப்யூட்டரின் டிரைவும் எத்தனை நாள் படிக்கும் என்று சொல்வதற்கில்லை. இரண்டில் எது முந்திக்கொண்டாலும் நஷ்டம் உங்களுக்குத்தான். பழைய சாமான்காரன் குரல் வாசலில் கேட்டால், இந்த ஒரு தடவை கம்ப்யூட்டரை மட்டும் கொடுக்காதீர்கள். பரணிலிருந்து அதை இறக்கித் தூசியைத் தட்டி, கடையில் இனி எங்கும் கிடைக்காத தட்டு எதுவோ, அதை முதலில் போடுங்கள்.