புலிக்குப் பலத்தைக் கூட்டாதீர்கள்



போன வாரம் பேரன் பெங்களூரிலிருந்து நண்பர்களோடு கம்பம் வந்திருந்தான். திண்ணையில் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆட்டம். 1974-ல் அமெரிக்காவில் வெளியானது. ஒருவர் கதை நடத்துவார், மற்றவர்கள் வீரர்கள், பகடை உருட்டிச் சண்டை. நாலு வீரருக்கு எதிராக ஒரு பூதம். பூதத்தை உருவாக்கியவன் என் பேரன்.

முதல் நாள் பூதம் பத்தே நிமிடத்தில் செத்தது. மறுநாள் அதன் உயிர்ப்புள்ளியை மூன்று மடங்காக்கி, அடியையும் கூட்டிவிட்டான். முதல் அடியிலேயே கடைக்குட்டிப் பையனின் வீரன் காலி. மற்றவர்கள் இரண்டு மணி நேரம் பூதத்தை அடித்துக்கொண்டிருக்க, அவன் செல்போனோடு மூலையில் உட்கார்ந்திருந்தான். இதை இங்கே எழுதியதற்கு, "ரெண்டு பக்கமும் பலம் சமமா இருந்தாத்தான் சார் பேலன்ஸ்" என்று என்னிடம் கணக்குப் படித்த இன்ஜினியர்களே கமெண்ட் போட்டிருக்கிறீர்கள்!

தப்பு. மார்க் கிடையாது.

ஆடுபுலி ஆட்டத்தை மறந்துவிட்டீர்களா? 23 புள்ளி, 3 புலி, 15 ஆடு. புலி வெட்டும், ஆடு வெட்டாது. 15 ஆடும் கட்டத்தில் இறங்கும்வரை ஒரு ஆடும் நகரக்கூடாது, புலி அதற்குள்ளேயே வேட்டையாடலாம். இதில் பலம் எங்கே சமம்? ஆனால் புலி ஒரே ஒரு ஆட்டைத்தான் தாண்டும், அதுவும் நேர்கோட்டில் அடுத்த புள்ளி காலியாக இருந்தால். பின்னால் இன்னொரு ஆடு நின்றால் புலியின் பாச்சா பலிக்காது. நகர வழியில்லாமல் மூன்று புலியும் அடைபட்டால் ஆடு ஜெயித்தது. முக்கியமாக, 15 ஆடு இருந்தாலும் அந்தப் பக்கத்துக்கு ஒரு தடவைக்கு ஒரே நகர்த்தல்தான்.

பேரன் ஆட்டத்தில் நாலு பேரும் ஆளுக்கொரு முறை அடிக்கிறார்கள், பூதத்துக்கு ஒரே முறை. ஓட்டை அங்கே இருக்கிறது. உயிர்ப்புள்ளியை ஏற்றினால் சாவு தள்ளிப்போகும், அவ்வளவுதான். அதனால்தான் 2014 பதிப்பில், வளர்ந்த டிராகன்கள் அடுத்தவர் முறை முடிந்ததும் குறுக்கே ஏதாவது செய்யலாம், ஒரு சுற்றில் மூன்று தடவை என்று வைத்திருக்கிறார்கள். பேரன் கையில் இருந்த புத்தகத்திலேயே இருக்கிறது. படித்தால்தானே!

எனக்கும் பேச முழுத் தகுதி இல்லை. கடைசி பெஞ்சில் சாக்பீஸால் ஆடுபுலிக் கட்டம் போட்ட பையனைப் பெஞ்சு மேல் ஏற்றியவன் நான். அவன் போட்டுக்கொண்டிருந்ததும் கணக்குதான். இதைப் படித்தால், தம்பி, மன்னித்துவிடு.

பேரன் பூதத்தின் பழைய உயிர்ப்புள்ளியையே திரும்ப எழுதி, ஒரு சுற்றுக்கு இரண்டு குறுக்குச் செயல் கொடுத்திருக்கிறான். ஞாயிறு சாயங்காலம் ஆட்டம். கடைக்குட்டிக்கு நானே போன் போட்டு வரச் சொல்லியிருக்கிறேன்.